மாசி மகத்துக்கு முன்பே

என் அத்தைக்கு இன்றைக்கு என்று ஒரு நாளே கிடையாது. அப்பா தன் தங்கையை அப்படித்தான் கேலி செய்வார். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அத்தையின் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். மாதம் தவறாமல் காரைக்காலுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. இதற்கெல்லாம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழ நேரமில்லாத அளவுக்கு அவளுக்கு வேலை இருந்தது. ஐப்பசி மழையில் உட்கார்ந்து பொங்கல் கோலத்தை முடிவு செய்வாள். பொங்கலன்று கரும்பைக் கடிக்கும்போதே, சித்திரையில் போடப்போகும் வடகத்துக்கு எலுமிச்சையா மோரா என்று அம்மாவிடம் கேட்பாள். வடகம் பிழிவது அம்மா, காக்கை விரட்டுவது நான், எதிர்பார்த்துக் காத்திருப்பது மட்டும் அத்தை. அதில் அவள் ஒரு குறையும் வைத்ததில்லை.

போலகத்தில் இருந்த எங்களுக்குப் பட்டினத்துக் கடற்கரை கிட்டத்தில்தான். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் அங்கே தீர்த்தவாரிக்கு வருவார். மீனவர்களுக்கு அவர் தங்கள் ஊர் மாப்பிள்ளை. “மாப்பிள்ளை, மாப்பிள்ளை” என்று அவர்கள் போடும் சத்தத்தில் அலைச் சத்தம் கேட்காது. கூட்டத்துக்கும் மணலுக்கும் பயந்து அத்தை பல வருடங்களாகப் போகவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், போயே தீருவது என்று தீர்மானித்தாள். எங்கே உட்காருவது, யார் குடை பிடிப்பது எல்லாம் கார்த்திகையிலேயே முடிவாகிவிட்டது. தண்ணீர்ச் செம்பு என் பொறுப்பு.

“நானும் ஒரு தடவ மாப்பிள்ளைன்னு கத்தணும்டி. அதுக்குத்தான் மூச்ச சேத்து வைக்கிறேன்” என்பாள்.

தை மாதம் ஊசிக்குப் போனபோது, டாக்டர் அத்தையை வெளியே உட்காரவைத்துவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசினாராம். மறுநாள் காலை எங்கள் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. எதைக் கேட்டாலும் “பாப்போம்” என்கிற அப்பா, எல்லோரும் கடற்கரைக்குப் போகலாம் என்றார். அன்று பள்ளிக்கூடம் உண்டு. இருந்தும் என்னையும் ஏறச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடற்கரையில் ஆளே இல்லை. கார் நின்றதும் நான் கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். அத்தை இறங்கவில்லை.

“எறங்கும்மா. அலைகிட்ட தூக்கிட்டுப் போயி உக்கார வைக்கிறேன்” என்றார் அப்பா.

அத்தை கடலைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். “மாசி மகத்துக்குன்னுதானே சொன்னேன்? இப்பவே ஏன் அழைச்சிட்டு வந்தீங்க?”

“சும்மாதான். காத்து வாங்கலாம்னு.”

“டாக்டர் என்னண்ணே சொன்னாரு?”

அப்பா, யாரோ ஒருவருடைய அந்தக் காரின் கதவைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அத்தைக்கு அப்படியொரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

“வண்டிய திருப்பச் சொல்லுங்க. மாசி மகத்துக்கு வர்றப்ப எறங்கிக்கிறேன்” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவிடம், “அண்ணி, அன்னிக்குப் பந்தல்ல கூட்டமா இருக்கும். அந்தப் படகு நெழல்ல உக்காந்துக்கலாம்” என்றாள்.

சொன்னபடியே மாசி மகத்துக்கு வந்தாள், படகு நிழலில் உட்கார்ந்தாள், கத்தினாள். பக்கத்திலிருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அதற்கடுத்த மாசி மகத்துக்கு அவள் இல்லை.

ஆனால் அந்தத் தை மாதக் காலையில் எனக்கு அத்தையின் மேல் ஆத்திரமாக இருந்தது. அவளால் என் கால்கூட நனையவில்லை. திரும்பும் வழியில் அப்பா காரை நிறுத்தி எங்கள் இருவருக்கும் கலர் சோடா வாங்கினார். அத்தை வேண்டாம் என்றதால் அவளுடையதையும் நானே குடித்தேன். அவள் ஆசைப்பட்டதை அப்பா இவ்வளவு சீக்கிரம் செய்து கொடுத்தாரே, இன்னும் அவளுக்கு என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்பா இப்படி உடனுக்குடன் எல்லாம் செய்யவேண்டுமானால் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.