முழுகுமா, முழுகாதா?

தண்ணீரைக் கண்டால் ஜொவிட்டா டீச்சரின் கை சும்மா இருப்பதில்லை. ஸ்டாஃப் ரூம் டீயில் முறுக்கைப் போட்டுப் பார்க்கிறார். குடிக்கிற தண்ணீரில் மோதிரத்தைப் போட்டுவிட்டு, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து எடுக்கிறார். கேட்டால், “புள்ளைங்களுக்குக் காட்டணும்ல மிஸ், மொதல்ல நான் பாத்துக்குறேன்” என்கிறார்.

சாந்தோமில் எங்கள் சின்னப் பள்ளியில் யு.கே.ஜி. அவருடையது. பக்கத்து அறையில் நான் டிராயிங் மிஸ். நடுவில் ஒரு தட்டிதான் என்பதால், நீல பிளாஸ்டிக் டப்பைச் சுற்றி எழும் கூச்சலில் எனக்கும் பாதிப் பங்கு. “முழுகுமா, முழுகாதா?” என்று ஏலம் விடுகிற மாதிரி கேட்பார். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தும்.

கனமானது முழுகும், லேசானது மிதக்கும் என்று முதலில் ஒரு விதி வைத்திருந்தார். ஒருநாள் முழுப் பூசணிக்காய் ஜம்மென்று மிதந்தது. குண்டூசி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. “இன்னா மிஸ் இது, இம்மாம் பெரிய பூசணி மெதக்குது! எனக்கே தலை சுத்துது” என்று என்னிடம் வந்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? உள்ளே காற்று இருக்குமோ என்னவோ என்று சொல்லி வைத்தேன். மறுநாள் உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்து, இருவர் குழப்பமும் இரண்டு மடங்கானது. அவர் அதைப் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. “டீச்சருக்கும் தெரில. போட்டுப் பாக்கலாம்.” தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் எந்தப் பிள்ளையின் பதிலையும் தப்பு என்றதில்லை.

அவர் மறைத்தது ஒன்றே ஒன்று. மாதம் மூன்று. வேலையோ தற்காலிகம்; ஹெச்.எம். வகுப்பைப் பார்த்து, பிடித்தால்தான் நிரந்தரம். போன வருடம் இதே மாதிரி வேலையில் இருந்த இன்னொரு டீச்சருக்கு வயிறு தெரிந்ததும், “பிரசவம் முடிஞ்சு வாங்கம்மா” என்றார்கள். வந்தபோது அவர் நாற்காலியில் வேறு ஆள். ஆகவே விஷயம் தெரிந்தது எனக்கும், குழாயடியில் இவர் வாந்தியெடுத்ததைப் பார்த்துவிட்ட ஐவி ஆயாவுக்கும் மட்டும்.

போன வாரம் ஹெச்.எம். விஜயலக்ஷ்மி மேடம் வந்து பின்னால் உட்கார்ந்தார். நான் தட்டிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலோடு போட்ட ஆரஞ்சு மிதந்தது. உரித்துப் போட்டது முழுகியது. மேடமே வாய் பிளந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“வேற எது முழுகாம இருக்கும்? யாரு சொல்றீங்க?” என்று கேட்டார் ஜொவிட்டா டீச்சர்.

ஜோயா துள்ளி எழுந்தாள். “நீங்கதான் டீச்சர்! நீங்க முழுகாம கீறீங்கன்னு ஐவி ஆயா போன்ல சொன்னாங்க!”

வகுப்பு குழம்பிப்போனது. “டீச்சர் வெயிட்டா கீறாங்களே, எப்பிடி முழுகாம இருப்பாங்க?” என்றது ஒரு குரல். “டப்புல எறக்கிப் பாக்கலாம்” என்றது இன்னொன்று.

மேடத்தின் பேனா நின்றது. “என்ன சொல்றா இவ? ஏதோ உளர்றா, இல்ல ஜொவிட்டா?”

அது கோபமா, தப்பித்துக்கொள் என்கிற சாடையா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. ‘ஆமாம் மேடம்’ என்று ஒரு வார்த்தை போதும். சொல்லித் தொலையேன் பைத்தியக்காரி என்று மனசுக்குள் கத்தினேன்.

ஜோயாவின் முகம் சுருங்கிவிட்டது. “தப்பா டீச்சர்?”

ஜொவிட்டா டீச்சர் மேடத்தைப் பார்த்தார். டப்பைப் பார்த்தார். பிறகு ஜோயாவை அருகே இழுத்து, ஈரமாக இருந்த அந்தச் சின்னப் புறங்கையை முந்தானையால் துடைத்து, சிவப்புப் பேனாவால், சரியான பதிலுக்குப் போடுகிற நட்சத்திரத்தை நிதானமாக வரைந்தார்.