மூன்றாவது கால்

என் அக்காவுக்குக் கால் தரையில் பாவாது. சாப்பிடும்போதே எழுந்து போய்ப் பூச்சு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பாள். வெகுகாலம் ஒருவரிடம் ஃபைபர் சிலை செய்துகொண்டிருந்தவள் அப்போதுதான் சொந்தப் பட்டறை போட்டிருந்தாள். முதல் ஆர்டர், ஒரு பூங்காவுக்கு டைனோசர். அது சொதப்பினால் மறுபடியும் பழைய முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

எங்கள் தொழிலில் டைனோசருக்கு மூன்று கால். இரண்டு நிஜக் கால், மூன்றாவது வால். வாலைத் தரையில் ஊன்றினால்தான் சிலை விழாது. ஊர் ஜனமும் இந்த மாதிரிச் சிலைகளைப் பார்த்துப் பார்த்து, அந்த மிருகமே அப்படித்தான் நிமிர்ந்து நின்றது என்று நம்புகிறது.

சிலை முடியும் நேரம் பார்த்து அக்கா அருங்காட்சியகம் போய்த் தொலைத்தாள். பாறையில் பதிந்த டைனோசர் கால்தடங்களைப் பார்த்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாலை இழுத்துக்கிட்டுப் போயிருந்தா, நடுவுல கோடு எங்கடா?"

"கோடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அடுத்த வாரம் லாரி வருது!"

"தலை கனத்துக்கு ஈடா வாலைத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்குமாம். தராசு மாதிரி."

சொல்லிக்கொண்டே வாலை அறுத்துவிட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். சிலையின் உடம்பை முன்னால் சாய்த்து, வாலைத் தூக்கி ஒட்டி, அதைத் தாங்கிப் பிடித்திருந்த சங்கிலியைத் தளர்த்தினோம். மூக்குக் குப்புற விழுந்து தாடை பிளந்தது. அக்கா பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு இரும்புத் துண்டுகளை அள்ளி வாலுக்குள் அடைத்தாள். மறுபடி தளர்த்தியபோது சிலை ஒருமுறை ஆடி, நின்றது.

பூங்கா முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா, ஓடப்போற கோழி மாதிரி இருக்கு?"

"கோழிக்குச் சொந்தம்தான் சார்."

"சினிமாவுல நிமிர்ந்துல்ல நிக்கும்? இது விழுந்துடும்."

"விழாது சார்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். திறப்பு விழா நெருங்கியதால்தான் முனகிக்கொண்டே ஏற்றிப் போனார்.

விழாவுக்குப் போனோம். சிலையின் வயிற்றுக்குள் ஒலிபெருக்கி வைத்துச் சிங்கத்தைக் கர்ஜிக்க விட்டிருந்தார். அந்த மிருகம் எப்படிக் கத்தியது என்று யாருக்குத் தெரியும்! அது போகட்டும். வாலுக்குக் கீழே ஒரு சிமெண்ட் தூணை எழுப்பி, அடிமரம் மாதிரி வர்ணமும் பூசியிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஆளைத் தேடிக் கிளம்பினேன்.

"இருடா," என்றாள் அக்கா. சிலையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் குனிந்தாள். தூணுக்கும் வாலுக்கும் நடுவே விரல்களை நுழைத்தாள். உள்ளங்கை போனது, மணிக்கட்டும் போனது.

திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"தொடவே இல்லடா. தூணுதான் சும்மா நிக்குது."