விமானம் பறக்காத ராத்திரிகள்

எனக்கு எதிலும் சந்தேகம்தான். பாசாரில் மீன்காரர் ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினால், அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடப்பதைத்தான் கேட்பேன். சுங்கை வேயில் வீடு பார்க்கப் போனபோது, விமானச் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை என்று தரகர் தானாகவே சொன்னதும் எனக்கு எங்கேயோ இடித்தது. விமான நிலையம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை, இவர் எதற்கு முந்திக்கொள்கிறார்?

"அக்கா, ராத்திரியில இங்க பிளேன் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ரூல்ஸ் இருக்கு. நீங்க நிம்மதியா தூங்கலாம் லா," என்றார்.

"ரூல்ஸ் எல்லாம் யாரு பாக்குறா?" என்றேன்.

வாய்ச்சொல்லை நம்புகிற ஆளா நான்? அந்த அடுக்குமாடிக்கு ராத்திரியில் பலமுறை போய், காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரக்கு விமானம் ஏதாவது திருட்டுத்தனமாக வந்து இறங்கும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏர்கான் முனகலும் ஒரு நாயும்தான். பகலில் சத்தம் இருக்கத்தான் செய்தது. பகல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டை வாங்கிவிட்டோம்.

என் கணவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டும் வேலை. எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். வருஷக்கணக்காகப் பகலில் தூங்குகிற மனிதரை வைத்துக்கொண்டு, ராத்திரி அமைதியாக இருக்கிறதா என்று மட்டும் சோதித்துப் பார்த்தேனே, என்னை எதில் சேர்ப்பது! அவருக்கும் அது தோன்றவில்லை. தூக்கம் என்றாலே எங்கள் இருவருக்கும் ராத்திரிதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

பால் காய்ச்சுவதற்குக் கோயில் குருக்கள் குறித்துக் கொடுத்தது விடியலுக்கு முந்தைய முகூர்த்தம். ஊரே அடங்கிக் கிடந்தது. பால் பொங்கி வழிந்தபோது, "என்ன ஒரு அமைதியான வீடு!" என்று சொந்தக்காரர்கள் புகழ்ந்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கிழக்கு வெளுத்ததும் முதல் விமானம் கிளம்பியது. ராத்திரி முழுக்கக் கட்டிப்போட்டு வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டதுபோல் அடுத்தடுத்துக் கிளம்பின. தட்டில் அடுக்கியிருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் எடுக்கப் போகிறவர்போல் சமையலறைக்குள் போய்விட்டார்.

"தூங்க முடியுதாங்க?" என்று தினமும் கேட்டேன். "அதெல்லாம் பழகிடுச்சு," என்றார். கண் என்னவோ மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தது. கொஞ்ச நாளில், ராத்திரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் போகிறார்களாம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அடுக்குமாடிக் கூட்டத்தில் எல்லோரும் கொதித்தார்கள். ராத்திரியில் ஒரு விமானம்கூடப் பறக்கக் கூடாது என்று நானும் சேர்ந்து கத்தினேன். பகலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு காலை அவருடைய கூட்டாளி போன் செய்தார். "அக்கா, அண்ணன் நேத்து ஸ்டீரிங்லயே கண்ணசந்துட்டாரு. லோரிய ரோட்டோரக் கட்டையில ஏத்திட்டாரு. நல்ல வேளை, அங்க யாரும் இல்ல." இவர் வந்து, டயர் பஞ்சர் என்று சாதித்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புதுப் பழக்கம். வேலை முடிந்து வந்து, குளித்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, மறுபடி காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் வொர்க்‌ஷாப், ஒரு நாள் கோயில், ஒரு நாள் யூனியன் மீட்டிங் என்பார். சாயங்காலம் திரும்பும்போது முகம் பளிச்சென்று இருக்கும். ராத்திரி முழுக்க லோரி ஓட்டிவிட்டுப் பகலெல்லாம் சுற்றுகிற மனிதருக்கு எங்கிருந்து வருகிறது இந்தத் தெளிச்சி? சட்டையை மோந்து பார்த்தேன். பவுடர் வாசனை. எங்கள் வீட்டில் யாரும் பவுடர் பூசுவதில்லை.

யாரோ ஒருத்தி என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் இவருக்கு என்ன சமைத்துப் போடுவாள் என்பதுவரை யோசித்தாகிவிட்டது. ஒரு நாள் வாடகைக் காரைப் பிடித்துப் பின்னாலேயே போனேன்.

"அந்த வெள்ளைக் காரை விட்டுடாதீங்க அண்ணே," என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"புருஷனா, அக்கா?"

"நீங்க ரோட்டைப் பாருங்க," என்றேன்.

கார் பூச்சோங்கில் போய் நின்றது. அவருடைய அக்கா வீடு; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளை அண்ணி தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். சொந்த அக்கா வீட்டுக்கு வருவதை ஏன் மறைக்க வேண்டும்? அண்ணியும் இதற்கு உடந்தையா? எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் ஆறி ஆடை கட்டும்வரை பார்த்தேன். யாரும் வெளியே வரவில்லை. பொறுமை போய், கேட்டைத் தட்டினேன். அண்ணி ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாம்மா. இப்பதான் எல்லாம் தூங்குதுங்க."

"அவரு எங்க அண்ணி?"

"அதுங்களோடதான்."

திரை இழுத்துவிட்ட கூடத்தில் சின்னச் சின்ன மெத்தைகள், மெத்தைக்கு ஒரு குழந்தை. சுவரோரமாகக் கடைசி மெத்தையில் என் கணவர், கால் பாதி தரையில் கிடக்க, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தை உருண்டு வந்து அவர் கையில் தலை வைத்திருந்தது. கூடம் முழுக்கக் குழந்தைப் பவுடர் வாசனை.

அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கோபமும் வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் சொன்னால் என்ன?

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்," என்றார் அண்ணி காதோடு. "அந்த வீட்டுக்காக நீ எவ்வளவு அலைஞ்சேன்னு மாய்ஞ்சு மாய்ஞ்சு சொல்றான்."

அவர் எழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கண் விழித்து என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"வீட்டை வித்துடலாங்க," என்றேன். "ஒரு நாளைக்கு நீங்க லோரியோட போய்ச் சேர்ந்துட்டா, அந்த வீட்டை வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிறது?"

"அதெல்லாம் வேணாம். நான் இங்க தூங்கிக்கிறேன். நீயாவது அங்க ராத்திரியில நிம்மதியா தூங்குறியே, எனக்கு அது போதும்."

குழந்தைகள் எழுந்துவிடக் கூடாதே என்று குரலை அடக்கிக்கொண்டேன். "நான் எங்கங்க தூங்கினேன்? இத்தனை நாளா, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாத அந்த ராத்திரியில, நீங்க எவ வீட்டுக்குப் போறீங்கன்னு நினைச்சிக்கிட்டே முழிச்சிக் கெடந்திருக்கேன்."