வாந்திக்குக் கிடைத்த பேர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிப்புக்குப் போயிருக்க வேண்டிய மூளையெல்லாம் கவலைக்குப் போய்விட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் கையில்தான் ஊசி ஏறியது.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அதற்கு முன்பு மாமியாரோடு கோழிப்பண்ணையில் இருந்தேன். தீவன மூட்டையைக் கையால் அமுக்கித்தான் வாயைக் கட்டுவோம். ஆஸ்பத்திரிக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. குத்தி முடித்த ஊசிகளைப் போடுவதற்கென்று கெட்டியான வெள்ளை டப்பா ஒன்று இருந்தது. சோதனைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே என்று அதைக் காலியாக, பளபளவென்று வைத்திருந்தார்கள். ஊசியெல்லாம் குப்பைப் பையில் போனது. நான் பையை அமுக்கினேன். ஒரு ஊசி கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறிவிட்டது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நர்ஸ் ரத்தத்தைப் பிதுக்கச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் ஸ்பிரிட்டை ஊற்றச் சொன்னார். மேனேஜர் காயத்தைப் பார்க்காமலே தன் வைத்தியத்தைச் சொன்னார்: வெளியே மூச்சு விடக் கூடாது. கடைசியில் டூட்டி டாக்டரம்மா வந்து, பிதுக்காதே என்று அதட்டி, சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அது யாருக்குப் போட்ட ஊசி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் கவலைக்கு அது ஒன்று போதாதா?

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனை சொல்லும் அறை வராண்டாக் கோடியில். அதன் வாசல் பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு பார்வை பார்ப்பார்கள். வேறு யாருக்கோ துணைக்கு வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த பெண் என்னைவிடச் சின்னவள். ரத்தம் எடுக்க வைத்து, முதல் மாத்திரையைத் தன் கண்முன்னே போட வைத்தாள்.

"வியாதி இருக்குதுன்னு குடுக்கறதில்லீங்கக்கா. ஒருவேளை உள்ள போயிருந்தா, அது குடியேறாம தொரத்தத்தான். ஒரு மாசம், ஒரு நாள் விடாம போடோணும்."

ஆரம்பத்தில் வாந்தி வரலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றாள். நான் தட்டைத் தனியாக வைக்கணுமா, துணியைத் தனியாகத் துவைக்கணுமா, சாம்பாரில் கரண்டி போடலாமா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் என்றவள், சாம்பாருக்கு வந்தபோது, முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். இனிப் பயமில்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை வீட்டுக்காரரோடு ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது என்றாள். அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போயிருக்கிறார், வந்தே பல மாசமாச்சு என்றேன். அப்போ அந்தத் தொல்லை இல்லை என்று சொல்லிவிட்டாள். தொல்லையே அதில்தான் இருந்தது.

காலையில் எழுந்தால் வாந்தி. எங்கள் தெருவில் கூட்டல் கழித்தல் தெரியாதவர்கள்கூட மாதக் கணக்கில் தவற மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்து, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்காரர் எப்போ வந்துட்டுப் போனார் என்று விசாரித்தாள். மாத்திரையால் வாந்தி என்றால், என்ன மாத்திரை என்பார்கள். சொன்னால் வேறொரு பேர். மாத்திரையை நிறுத்தினால்தான் இரண்டு கெட்ட பேரிலிருந்தும் தப்பலாம் என்று தோன்றியது. நிறுத்துகிறேன் என்று சொல்வதற்காகவே மறுபடி அந்த அறைக்குப் போனேன்.

அவள் திட்டவில்லை. வாந்திக்கு மாத்திரை வாங்கித் தந்து, ராத்திரி சாப்பிட்டபின் போடச் சொன்னாள். "தெரு பேசறது நாலு நாள்ல ஓஞ்சிரும். நீங்க பாதில உட்டா, அப்பறம் நெனச்சாலும் தடுக்க முடியாதுங்கக்கா. ஊட்ல ஒருத்தருகிட்டயாச்சும் சொல்லுங்க."

வீட்டில் இருந்தது மாமியார் ஒருவர்தான். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டுப் பாத்திரங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் பண்ணையிலிருந்து வந்ததும், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பக்கத்துப் பண்ணையில சீக்குன்னா நம்ம கோழிக்குத் தண்ணியில மருந்து கலக்கறமே, அதாட்டவா?"

"ஆமாங்கத்தை."

"இதச் சொல்ல இத்தன நாளா? என்ற மகனுக்குப் போன் போடறதா வேண்டாமான்னு தூக்கமில்லாம கெடக்கறேன் புள்ள."

அதற்குப்பின் தினமும் நான் மாத்திரையை விழுங்கும்வரை எதிரில் நின்றார். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திவிட்டது, வியாதி வராமல் இருக்க மாத்திரை போடுகிறாள் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். தெருவுக்குப் பெரிய ஏமாற்றம். பக்கத்து வீட்டு அக்கா ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில், பையை அமுக்காதீர்கள் என்று ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளை டப்பா மட்டும் அழுக்குப்படாமலே இருந்தது.

மாத்திரை முடிந்து, பரிசோதனைகளும் முடிந்தன. கடைசிப் பரிசோதனைக்கு மாமியாரும் கூட வந்தார். ஒன்றும் இல்லை, இனிப் பயமில்லை என்றாள் அந்தப் பெண். ரத்தம் எடுத்த குப்பி ஆள் மாறியிருக்குமோ என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் மாமியார் எழுந்துவிட்டார்.

"எந்திரி புள்ள. இத்தன மருந்துக்கு ஒரு கோழியா இருந்தா இந்நேரம் முட்டை வெச்சிருக்கும்."