பாவாடை விளிம்பில் ஈயக்குண்டு

"...கருவாடு போடற தட்டுல எம் பொண்ண ஒக்கார வச்சி, வாரா வாரம் கொறையணும் கொறையணும்னு சொல்லிகினு கீறியே நர்சம்மா, இப்டியே கொறஞ்சி கொறஞ்சி அவ எங்க போவா?"

அம்மா இதைக் கத்திக் கேட்கவில்லை. சரக்கின் விலையை விசாரிப்பதுபோல நிதானமாகத்தான் கேட்டாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயம்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. சதுரங்கப்பட்டினத்தில் அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், செங்கல்பட்டிலிருந்து புதிதாக வந்த நர்சம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தார். பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்த ஏழு பேரைத் தனியாகப் பிரித்தார். ஏழு பேரும் குண்டு. சனிக்கிழமை காலையில் கோட்டைச் சுவர் வரைக்கும் மணலில் நடக்க வேண்டும், பந்து எறிந்து பிடிக்க வேண்டும். வீட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்கக் கூடாது. வறுத்த மீன் வேண்டாம், குழம்பு மீன் போதும். எல்லாம் முடிந்ததும் எடை.

பைசா வாங்காமல் ஒருத்தர் இவ்வளவு செய்தால் ஊர் சும்மா இருக்குமா? புள்ளைகளின் கொழுப்பை உருக்கிப் பட்டணத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே சோப்பு பண்ணுகிறார்கள் என்று மீன் கூடைக்காரி ஒருத்தி சொன்னாள். அவளே அடுத்த வாரம், சோப்பு இல்லை, மெழுகுவத்தி என்று திருத்தினாள்.

நர்சம்மாவிடம் இருந்தது கைக்குழந்தைகளை நிறுக்கிற தராசு. அதனால் எங்கள் கருவாட்டுக் கொட்டகைத் தராசைக் கேட்டார். அம்மா உடனே கொடுத்தாள். நம்ம தராசு என்றால் நம்ம கண்ணுக்கு முன்னால் நடக்கும் என்பது அவள் கணக்கு. எங்கள் தொழிலில் தராசை யாரும் நம்புவதில்லை. விரலால் தட்டை அழுத்துகிற கை எத்தனையோ உண்டு. அதனால் முள் நிற்கிற நேரத்தில், எடை போடுகிறவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். நர்சம்மாவையும் அம்மா வாரா வாரம் அப்படித் தூக்க வைத்தாள்.

எனக்கோ சனிக்கிழமைதான் திருவிழா. வகுப்பில் என் பெயர் மூட்டை. இங்கே ஏழு பேருமே மூட்டை. ஜவுளிக்கடை பாய் வீட்டுப் பெண் முன்னால் நடந்துகொண்டே, "மூட்டைங்க வந்துகினு கீதுங்க, வழி உடுங்க" என்று நண்டுகளைப் பார்த்துச் சொல்வாள். சிரித்துச் சிரித்தே பாதி மூச்சு போய்விடும்.

முதல் வாரம் எனக்கு அரை வீசை குறைந்தது. அம்மா அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்திருந்தாள். காய்ச்சலில் நாளுக்கு நாள் இளைத்து, ஒருநாள் இல்லாமல் போனாள். அம்மாவுக்குத் தெரிந்த இளைப்பு அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை நடக்கும்போது பாவாடை விளிம்பு கணுக்காலில் இடித்தது. தொட்டுப் பார்த்தேன். வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை மடிப்புக்குள் வைத்து அம்மா தைத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மாவுக்குத் தலைகுனிவு. அதற்கடுத்த வாரம் குண்டுகள் இன்னும் கூடின.

இப்போது நர்சம்மாவின் சந்தேகம் என்மேல் திரும்பியது. வீட்டில் திருட்டுத்தனமாகத் தின்கிறாயா என்று கேட்டார். இன்னொரு தரம் எடை ஏறினால் என் இடத்தில் வேறு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

நாலாவது சனிக்கிழமை தட்டில் உட்காரும்போது பாவாடை இரும்பில் பட்டு 'டங்' என்றது. நர்சம்மா குனிந்து விளிம்பைத் தடவினார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நர்சம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எடைய வுடுங்கம்மா. முன்னெல்லாம் பாதி வழியில உக்காந்துடுவா. இன்னிக்குக் கோட்டை வரைக்கும் நிக்காம போயிட்டு வந்தா. அவளையே கேளுங்க" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "மெய்யாவா?"

"மெய்யாத்தாம்மா. ஈயத்தோட."

அம்மா கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். பிறகு என்னை இறக்கி நிறுத்தி, மணலில் உட்கார்ந்து, பாவாடை விளிம்பைப் பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தாள். குண்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னைத் தூக்கித் தட்டில் உட்கார வைத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து, முள் நிற்கிற வரைக்கும், நர்சம்மா பார்க்க, தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.