பெரியவருக்கு இறால் பொரியல்

பள்ளிக்கூடத்தில் காடுகளை ஈரவலயக் காடு, உலர்வலயக் காடு, முட்புதர்க் காடு என்று பிரித்துப் படிப்பித்தார்கள். மாமாவின் கணக்கு வேறு. யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதை வைத்துத்தான் அவர் காட்டை வகுத்திருந்தார். வாவியோரம் கண்ணா மரங்கள் சேற்றில் வேரூன்றி நிற்கிற இடம் முதலையின் காடு. வயல்களைத் தாண்டினால் வருகிற பற்றைக்காடு நரிக்கும் உடும்புக்கும் மயிலுக்கும் உரியது. அங்கே முள்ளுக்குத் தவிர வேறெதற்கும் பயமில்லை. அதற்கும் அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் வெயிலை மறைக்கிற பெருங்காடு. அங்கே மானும் மரையும் கரடியும் இருந்தாலும் வீட்டுக்காரர் யானைதான். சோதனையில் மாமாவின் வகைகளை எழுதிவைத்து ரீச்சரிடம் ஏச்சு வாங்கினேன்.

எங்கள் வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில். காடு மேற்கே படுவான்கரையில். சண்டைக் காலம் அது. எங்கள் கரையில் ஆமி, அந்தக் கரையில் இயக்கம். நடுவில் பாதை ஓடியது. எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு அல்ல, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை.

மாமாவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பாதையில் கால் வைத்ததிலிருந்து திரும்பி வந்து வீட்டில் கால் கழுவும் வரை காட்டு மிருகத்தின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். ஆகவே கரடி கறுப்பன், முதலை கட்டை. யானை பெரியவர், அதுவும் மரியாதையாக 'ர்' போட்டு. சிறுத்தைக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு பெயரும் உண்டு. அதை எந்தக் கரையிலும் எந்த நாளிலும் சொல்லக்கூடாது என்று தனியாக எச்சரித்திருந்தார்.

பாலைப்பழக் காலத்தில் ஒருநாள் மாமா என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்த மச்சான் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். வீட்டில் அவருடைய படம்கூட இருக்கவில்லை. இளையவனை எல்லோரும் சின்னவன் என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு மீசை அரும்பியதிலிருந்து படலைக்கு வெளியே விடுவதில்லை. அதனால்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைத்துக்கொண்டேன். சின்னப் பெண்ணோடு போகிறவரை ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் அதிகம் துருவ மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்.

புறப்படும்போது மாமி வாழையிலையில் சோறும் இறால் பொரியலும் கட்டிக் கொடுத்தார்.

"இது பெரியவருக்கு," என்றார்.

"யானை இறால் தின்னுமா மாமி?"

"இவர் தின்னுவார் மனே."

வாவிக்கரை யானைக்கு இறால் பழகியிருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

பெருங்காட்டில் பாலைப்பழம் கொட்டிக் கிடந்தது. பாலில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளுமட்டும் தின்றேன். அப்போது மாமா என் தோளைப் பிடித்தார்.

"கண்ணைப் பொத்து. பெரியவர் வாறார். நான் சொல்லுமட்டும் திறக்கப்படாது. நேருக்கு நேர் பார்த்தா அவருக்குக் கோவம் வரும்."

பொத்தினேன். சருகு மிதிபட்டது. வாழையிலை பிரிகிற சத்தம் கேட்டது. மாமா தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டேயிருந்தார். யானையோடு பேசுகிற மாமா எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை. பிறகு என் தலையில் ஏதோ பட்டது. உச்சியிலிருந்து பின்னல் வரை மெதுவாகத் தடவியது.

"தும்பிக்கையால வாழ்த்துறார். அசையாத," என்றார் மாமா.

கண்ணைத் திறந்தபோது வெறும் இலைதான் கிடந்தது. மாமா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது எங்கள் கரைச் சென்றியில் பழப் பையைக் கிளறிய ஆமிக்காரர் சிரித்தபடி அரைகுறைத் தமிழில் கேட்டார். "தங்கச்சி, காட்டில யார் பாத்தது?"

"பெரியவர்," என்றேன்.

சிரிப்பு நின்றது. "பெரியவர் பேர் என்ன?"

"பேர் சொல்லப்படாது."

"பெரியவர் என்ன செய்தது?"

"மாமா சோறு குடுத்தார். பெரியவர் திண்டார்."

மாமா, "சேர், பிள்ளை சொல்றது..." என்று தொடங்குவதற்குள் அவரை முழங்காலில் இருத்திவிட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளில் துவக்குச் சுமந்து சுட்ட தழும்பு தேடினார்கள். ஒருவர் உள்ளே ஓடினார். முன்பு உள்ளே கொண்டுபோகப்பட்ட ஊர்க்காரர் சிலர் திரும்பி வரவில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரே சொல்லில் மாமாவைக் காப்பாற்றலாம். ஆனால் நான் இன்னும் கால் கழுவவில்லை. சொன்னால் யானை இங்கேயே வந்து எல்லோரையும் மிதித்துவிடும்.

அழுதபடியே வலது கையை மூக்குக்கு முன்னால் நீட்டி ஆட்டினேன். இடது கையைக் காதருகே வைத்து விசிறினேன்.

"அலியா?" என்று யானைக்கான சிங்களச் சொல்லில் கேட்டார் ஆமிக்காரர்.

தலையாட்டினேன். சென்றி முழுக்கச் சிரித்தது. இன்னொருமுறை செய்து காட்டச் சொன்னார்கள், செய்தேன். பழத்தில் இரண்டு கை அள்ளிக்கொண்டு மாமாவைப் போகச் சொன்னார்கள். மாமாவும் சிரித்தார். சட்டைப் பொத்தானைப் போட அவருடைய விரல்களுக்குத்தான் வெகுநேரம் பிடித்தது.

மாமி படலையிலேயே காத்துக்கொண்டு நின்றார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, காதோடு கேட்டார். "மெலிஞ்சி போனானா மனே, பெரியவன்?"

எனக்குப் பதறிப்போயிற்று.

"மாமி, 'பெரியவன்' எண்டு சொல்லப்படாது. பெரியவர்."

மாமி மற்றக் காலிலும் தண்ணீர் ஊற்றினார். "ஓம் மனே. பெரியவர். மெலிஞ்சி போனாரா?"

"நான் கண்ணைப் பொத்தியிருந்தன். தலையைத் தடவினார். தும்பிக்கை எலும்பும் தோலுமாத்தான் இருந்திச்சி."

மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். குனிந்து என் தலையை, உச்சியிலிருந்து பின்னல் வரை, முகர்ந்தார். காட்டில் ஒரு யானை மெலிந்ததற்கு ஒருவர் இப்படி அழுவாரா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அவரைத் தேற்ற வேண்டும்போலவும் இருந்தது.

"கால் கழுவியாச்சி மாமி, இனி யானை எண்டே சொல்லலாம்," என்றேன்.

"வேணாம் மனே," என்றார் மாமி. "ஆர் கேட்டாலும் பெரியவர் எண்டே சொல்லு."