இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

எங்கள் அதிராம்பட்டினம் கார் ஸ்டாண்டில் பன்னிரண்டு டிரைவர்கள் உண்டு. அதில் பதினோரு பேர் கார் ஓட்டுவார்கள். துரைராசு மட்டும் கியர் போடுவார். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஸ்டாண்டுக்கு எதிரே இருபது வருஷமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கேட்காமலே என் காதில் விழுந்த அவருடைய பெருமைகளை மூட்டை கட்டினால் ஒரு லாரி லோடு தேறும்.

ஸ்டியரிங்கை யார் வேண்டுமானாலும் திருப்பலாம், ஆனால் கியர் விழுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது, அப்படிப் போடுகிறவன்தான் டிரைவர் என்பது அவர் கட்சி. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் எத்தனையாவது கியரில் போகிறது என்று சொல்லிவிடுவார். அது சரியா என்று யாரும் போய் அந்த பஸ் டிரைவரைக் கேட்டதில்லை.

இன்னொரு வித்தை பாலத்தில். டெல்டாவில் மலையா இருக்கிறது? மேடு என்றால் வாய்க்கால் பாலம் ஒன்றுதான். பாலத்து உச்சியில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைச் சும்மா உருளவிட்டு, கீழே வந்ததும் கிளட்ச்சை மிதித்து மறுபடி கியரில் போடுவார். பாலத்துக்கு ஒரு மடக்கு டீசல் மிச்சமாம். நாகூர் வரைக்கும் எத்தனை பாலம் என்பது அவருக்கு மனப்பாடம்.

சைத்தூன் பீவியின் வீட்டுக் காருக்கு அவர்தான் பத்து வருஷமாக டிரைவர். பீவிக்கு ஐம்பத்தாறு வயது, கணவர் இல்லை, ஒரே மகன் ஃபாஜில் துபாயில். மாதம் ஒரு வியாழக்கிழமை நாகூர் தர்கா, நடுவில் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரி, கல்யாண வீடு என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டில் நிரந்தர வேலை உள்ள ஒரே ஆள் துரைராசு. மற்றவர்களுக்குக் கூப்பிட்டால் சவாரி, கூப்பிடாவிட்டால் சீட்டாட்டம்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றாலே அவருக்கு ஆகாது.

"அதெல்லாம் ஒரு வண்டியா? பிரேக்கை மிதிச்சு, டி-ல போட்டு, காலை எடுத்தா தானா நகரும். இடது காலுக்கு வேலையே இல்ல. சின்னப்புள்ளகூட ஓட்டும். அதுக்கு டிரைவர் எதுக்குங்க?"

இதை ஸ்டாண்டில் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நாகூர் போகும்போதும் வரும்போதும் பீவியிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பீவி பொறுமைசாலி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

போன தை மாதம் ஃபாஜில் லீவில் வந்தான். துபாயில் கிளட்ச் இல்லாத வண்டியையே ஓட்டிப் பழகியவன், இங்கே பழைய காரை எடுத்தால் கடைத்தெரு முடிவதற்குள் நாலு தடவை இன்ஜினை அணைத்துவிடுவான். ஊரே வேடிக்கை பார்த்தது. ரோஷம் வந்து அம்மாவுக்கென்று புது வண்டி வாங்கி நிறுத்திவிட்டுப் போனான். எட்டு கியர் ஆட்டோமேட்டிக். வேகத்துக்குத் தகுந்தபடி கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்.

அன்றைக்குத் துரைராசு என் கடைக்கு வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"அஞ்சு போட்டுக்கிட்டிருந்தீங்க, இப்ப எட்டு. சந்தோஷந்தானே?" என்றேன்.

"எட்டையும் அதுவே போட்டுக்குமாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவருக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாது என்று சொன்னால் இருக்கிற ஒரே நிரந்தர வேலை போய்விடும். சின்னப்புள்ளகூட ஓட்டும் என்று சொன்ன வாயால் தனக்கு ஓட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"யார்கிட்டயாவது ஒரு ரவுண்டு கேட்டுப் பழகிக்கங்க" என்றேன்.

"முப்பது வருஷ சர்வீஸ்ங்க எனக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

மாசி மாதம் முதல் வியாழக்கிழமை நாகூர் கிளம்பினார்கள். வழியில் நடந்ததைத் துரைராசு ஒரு விதமாகச் சொன்னார், பீவி ஒரு விதமாகச் சொன்னார். பீவி சொன்னதையே எழுதுகிறேன்.

தெரு முனையிலேயே இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை மிதித்துவிட்டது. பின்சீட்டில் இருந்த டிபன் கேரியர் முன்சீட்டுக்கு வந்தது.

"பிரேக் டெஸ்ட் பண்ணேன் பீவிம்மா" என்றார்.

முத்துப்பேட்டை வருவதற்குள் இன்னும் நாலு டெஸ்ட் ஆயிற்று. பிறகு இடது காலை மடக்கிச் சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கியர் விழுவது அவருக்கே தெரியவில்லை. எதை டிரைவருக்கு லட்சணம் என்று முப்பது வருஷம் சொன்னாரோ, அதை அந்த வண்டி வாயைத் திறக்காமல் செய்துகொண்டிருந்தது.

திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு வாய்க்கால் பாலம். உச்சிக்கு வந்ததும் கை பழக்கதோஷத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டது. வண்டி உருண்டது. கீழே பாதிச் சாலைக்குச் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈர நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், அதனால் மாசியில் எங்கள் பக்கம் தார்ச்சாலைதான் களம். மீதிப் பாதியில் எதிரே பஸ் வந்தது. உடனே கியரில் போட வேண்டும். கியரில் போட வேண்டும் என்றால் கிளட்ச்சை மிதிக்க வேண்டும். அதுவரை அடங்கிக் கிடந்த இடது கால் பாய்ந்து வந்து முழு பலத்தோடு மிதித்தது, பிரேக்கை. வண்டி கிறீச்சிட்டு நெல்லில் மூக்கை நுழைத்து, வாலை ரோட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

நெல்லுக்குச் சொந்தக்காரரான ஞானாம்பாள், நெல் தள்ளும் பலகையோடு வந்தார்.

"ஏங்க, இவ்வளவு ரோடு கெடக்கு, எங்க நெல்லுதான் கெடச்சுதா ஒங்களுக்கு?"

திட்டிக்கொண்டே சக்கரத்துக்கு முன்னால் இருந்த நெல்லை ஒதுக்கிவிட்டு, "ம், இப்ப எடுங்க, ஓரமா போங்க" என்றார். பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. துரைராசு எடுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. இடது கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"எறங்குங்க துரைராசு. நான் ஓரமா விட்டுப் பாக்குறேன்" என்றார் பீவி.

அவர் இறங்கினார். பீவி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பிரேக்கை மிதிச்சு, டி-ல போட்டு, காலை எடுத்தா. பத்து வருஷம் கேட்ட பாடம் அல்லவா? வண்டி தானாக நகர்ந்து ஓரத்து மண்ணில் ஏறியது. பீவி பிரேக்கை மிதித்தார், நின்றது. பஸ் போய்விட்டது.

"நீங்க சொன்னது நெசந்தான் துரைராசு, தானா நகருது" என்றார் பீவி. அதில் கிண்டலே இல்லை, நிஜமான ஆச்சரியம். அதுதான் துரைராசுவின் மனசை அறுத்திருக்கும்.

அடுத்த வாரம் பீவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். எல் போர்டு மாட்டினால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று மாதம் துரைராசு இடது சீட்டில் உட்கார்ந்து போனார். ஸ்டாண்டில் கேட்டவர்களிடம், தான் இல்லாமல் வண்டி நகராது என்றார். சட்டப்படி அது உண்மைதான்.

ஆனி மாதம் லைசென்ஸ் வந்தது. அந்த வியாழக்கிழமையும் துரைராசு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பீவி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இனிமே நீங்க சிரமப்பட வேணாம் துரைராசு" என்றார் பீவி. "நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே, இதுக்கு டிரைவர் எதுக்குன்னு."

துரைராசு நேரே என் கடைக்கு வந்து அதே டயர் மேல் உட்கார்ந்தார். பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கிண்டல் அத்தனையும் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அவர் ஓர் அரிசி ஆலையில் நெல் லாரி ஓட்டுகிறார். போன வாரம் காற்றடிக்க வந்தபோது ஆலை முதலாளி அப்துல் அஜீஸும் கூட வந்தார்.

"கிளட்ச்சே இல்லாத லாரி வந்திருக்காம். ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன். ஓட்டுறது ரொம்ப சுலபமாமே?" என்று கேட்டார் முதலாளி.

நான் காற்றுக் குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"சுலபமா? யாருங்க சொன்னா?" என்றார் துரைராசு. "ஆட்டோமேட்டிக் மாதிரி சிரமமான வண்டி ஒலகத்துலயே கெடையாது. அது எப்ப என்ன நெனைக்குதுன்னு அனுபவஸ்தனுக்குத்தான் புரியும். கண்டவங்க கையில குடுத்துறாதீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

"ஆமாங்க முதலாளி, பழக்கம் இல்லாதவங்க தொடவே கூடாது" என்றேன்.

அந்த நேரம் பார்த்து சைத்தூன் பீவி தன் கிளட்ச் இல்லாத காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு கடைத்தெருவில் வந்தார். எங்களைப் பார்த்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து சலாம் வைத்துவிட்டுப் போனார். கார் திருப்பத்தில் மறையும் வரை முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.